குழந்தை எடை குறைவு என்கிறது ஸ்கேன்: இன்னும் என்ன சாப்பிடட்டும், டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 26. திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். தலைப்பிரசவம், இப்போது 33 வாரம். 12-ஆவது வார ஸ்கேனும் என் மாதவிலக்குக் கணக்கும் ஒத்துப்போயின. ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. 28 வாரத்தில் குழந்தையின் எடை 1,080 கிராம், 22-ஆவது பெர்சன்டைல் என்றார்கள். இப்போது 1,740 கிராம், 7-ஆவது பெர்சன்டைல். தலை 32 வார அளவு, வயிறு 30 வார அளவுதானாம். தொப்புள்கொடி டாப்ளர் நார்மல், பனிக்குட நீர் போதுமானது என்று எழுதியிருக்கிறது. எனக்கு பி.பி. முன்பு 110/70, இப்போது 132/84. ஹீமோகுளோபின் 9.6. உயரம் 152 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் 43 கிலோ, இப்போது 50. ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி இரண்டு வாரம் தள்ளி வந்திருக்கிறது. அப்படியானால் தேதிதான் தப்போ? "எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் சின்னதாத்தான் பிறக்கும்" என்கிறார் மாமியார். டாக்டர் அமினோ அமில டிரிப், புரோட்டீன் பவுடர், சாஷே எல்லாம் எழுதி, முழு ஓய்வும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். 37 வாரத்திலேயே குழந்தையை எடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார். எடை குறைந்த குழந்தை இன்னும் சில நாள் வயிற்றிலேயே இருந்தால் தேறிவிடாதா? நான் இன்னும் என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, 33 வாரத்தில் எழுதிய கடிதத்துக்கு இதழ் வெளிவரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் இந்தப் பதிலை உங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்விகளோடு பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் வெளியிடுகிறேன்.

தேதியில் ஆரம்பிக்கிறேன். உங்கள் தேதி தப்பில்லை. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கிறது. அதனால் அந்தச் சமயத்தில் தலையிலிருந்து புட்டம் வரை அளந்து சொல்லும் வயது சில நாள் வித்தியாசத்துக்குள் சரியாக இருக்கும். எட்டாம் மாதத்தில் கதை வேறு. ஸ்கேன் மிஷினுக்கு உங்கள் குழந்தையின் வயது தெரியாது. தலை இவ்வளவு, வயிறு இவ்வளவு, தொடை எலும்பு இவ்வளவு என்று அளவைக் கொடுத்தால், 'சராசரியாக இந்த அளவு எந்த வாரத்தில் இருக்கும்' என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து ஒரு பிரசவத் தேதியையும் அச்சடித்துத் தள்ளும். குழந்தை சின்னதாக இருந்தால் தேதி தானாகப் பின்னால் போகும். அதைப் பார்த்துவிட்டு "ஸ்கேனில் டேட் தள்ளிப் போயிருக்கு, பயப்பட ஒன்றுமில்லை" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலில்தான் ஆபத்து இருக்கிறது. தேதியை இரண்டு வாரம் தள்ளினால் காகிதத்தில் குழந்தையின் எடை நார்மல் ஆகிவிடும். வயிற்றுக்குள் எதுவும் மாறியிருக்காது. உங்கள் ஃபைலின் மேலட்டையில் 12-ஆவது வார ஸ்கேன் சொன்ன பிரசவத் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இனி யார் கேட்டாலும் அந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, 7-ஆவது பெர்சன்டைல் என்றால் என்ன? இதே வாரத்தில் உள்ள 100 குழந்தைகளை எடை வாரியாக வரிசையில் நிறுத்தினால், உங்கள் குழந்தை கீழிருந்து ஏழாவது இடத்தில் நிற்கிறது என்று பொருள். 10-க்குக் கீழே போனால் 'சிறிய குழந்தை' என்போம். ஆனால் சின்னதாக இருப்பது வேறு, வளர வேண்டிய அளவுக்கு வளர முடியாமல் போவது வேறு. பத்துக்குக் கீழே நிற்பவர்களில் பலர் உடல்வாகிலேயே சிறியவர்கள், முழு ஆரோக்கியமானவர்கள். எடை 3-ஆவது பெர்சன்டைலுக்கும் கீழே இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை, வளர்ச்சித் தடை என்றே எடுத்துக்கொள்கிறோம். 3-க்கும் 10-க்கும் நடுவில் நிற்கும் உங்கள் குழந்தையைப் போன்றவர்களுக்கு இன்னும் சாட்சி வேண்டும்: ரத்த ஓட்டத்தில் மாற்றம் உண்டா, வளர்ச்சிக் கோடு செங்குத்தாகச் சரிகிறதா என்று பார்ப்போம். எடை என்று அச்சில் வருவதும் தராசில் நிறுத்த எடை அல்ல. நாலு அளவுகளை ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் மதிப்பீடு அது. 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம். அதனால் ஒரு ஸ்கேனை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் தப்பு, ஒரு வாரத்துக்குள் மறுபடி எடை பார்த்துக் கலங்குவதும் தப்பு. எடையை ஒப்பிட இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், மூன்று வாரம் இருந்தால் இன்னும் நல்லது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அம்மா குள்ளமாக, ஒல்லியாக இருந்தால் குழந்தையும் சிறிதாக இருக்கலாம். நம் ஊர் ஸ்கேன் மிஷின்கள் பலவற்றில் இருக்கும் ஹாட்லாக் வளர்ச்சி அட்டவணை, அமெரிக்காவின் டெக்சாஸில் 392 பெண்களை, பெரும்பாலும் வெள்ளையர்களை, வைத்து உருவாக்கி 1991-இல் வெளியானது. அதில் நம் குழந்தைகள் சற்றுக் கீழே தெரிவதில் ஆச்சரியமில்லை. பிறகு 2014-இல் வெளியான இன்டர்குரோத் அட்டவணைக்கு எட்டு நாடுகளில் அளந்தார்கள். நம் நாக்பூரும் அதில் ஒன்று. எந்த அட்டவணையில் கணக்கிட்டார்கள் என்று ஸ்கேன் டாக்டரிடம் கேளுங்கள். எதுவானாலும் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

பாதி உண்மை என்றேனே, மீதிப் பாதிக்கு வருகிறேன். பிறவியிலேயே சின்ன உடல்வாகுள்ள குழந்தைக்குத் தலையும் வயிறும் ஒரே விகிதத்தில் சிறிதாக இருக்கும். ஆரம்பத்திலிருந்து ஒரே கோட்டில் போய்க்கொண்டிருக்கும். உங்கள் குழந்தை 22-இல் இருந்து 7-க்கு இறங்கியிருக்கிறது. தலை ஒரு வாரம்தான் பின்தங்கியிருக்கிறது, வயிறு மூன்று வாரம். குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு என்பது பெரும்பாலும் அதன் ஈரலும் தோலடிக் கொழுப்பும்தான். வரவு குறையும்போது குழந்தை ஈரலில் சேமித்ததைச் செலவழிக்கிறது, மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் ரத்தத்தை அனுப்புகிறது. கூடவே உங்கள் பி.பி.யும் மெல்ல ஏறியிருக்கிறது. 132/84 இன்னும் வரம்புக்குள்தான், ரத்தக் கொதிப்பு என்று சொல்ல 140/90 வேண்டும். ஆனாலும் 110/70-இல் இருந்தவருக்கு 132/84 என்பதை நான் கண்டும் காணாமல் விடமாட்டேன். உங்களிடமிருந்து குழந்தைக்குச் சத்தைக் கடத்தும் நஞ்சுக்கொடி (பிளாசென்டா) சரியாக வேரூன்றாதபோது குழந்தையின் எடை குறைவதும் தாயின் பி.பி. ஏறுவதும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால், வளர்ச்சித் தடை என்று இன்று நான் முத்திரை குத்தமாட்டேன். 'எங்க வீட்டுப் பிள்ளை' என்று விட்டுவிடவும் மாட்டேன். நெருங்கிக் கண்காணிக்க வேண்டிய குழந்தை இது.

கண்காணிப்பில் முக்கியமானது டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன். தொப்புள்கொடித் தமனி குழந்தையின் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டு போகிறது. நஞ்சுக்கொடியின் சிறு குழாய்கள் அடைபட்டால் அங்கே எதிர்ப்பு கூடும். முதலில் இரண்டு இதயத்துடிப்புக்கு நடுவே ஓடும் ரத்தம் குறையும், முற்றினால் அந்த இடைவெளியில் ஓட்டமே நிற்கும், அதற்கும் மேலே போனால் ரத்தம் திரும்பி ஓடும். கடைசி இரண்டும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. உங்களுக்கு இது நார்மல் என்பது நல்ல செய்திதான். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 32 வாரத்துக்குப் பிறகு தொடங்கும் வளர்ச்சிக் குறைவில் தொப்புள்கொடி டாப்ளர் பெரும்பாலும் நார்மலாகவே காட்டும். அந்த நேரத்தில் குழந்தையின் மூளைக்குப் போகும் நடுத் தமனியையும் பார்க்க வேண்டும். மூளைக்கு வழக்கத்தைவிட அதிகமாக ரத்தம் பாய்கிறது என்றால் குழந்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டையும் ஒப்பிட்டு 'செரிப்ரோ பிளாசென்டல் ரேஷியோ' என்று ஓர் எண் தருவார்கள். உங்கள் ரிப்போர்ட் பற்றி நீங்கள் எழுதியதில் அது இல்லை. அடுத்த ஸ்கேனில் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். டாப்ளரை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், எடையை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறையும் பார்த்தால் போதும். நடுவில் பி.பி.யும் சிறுநீரில் புரதமும் வாரம் ஒரு முறை. இதை உங்கள் கிராமத்து நர்சம்மாவே செய்துவிடுவார்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே எடை கடுமையாகக் குறைந்திருந்தால் குரோமோசோம் கோளாறு, சைட்டோமெகலோ வைரஸ் போன்ற தொற்று என்று வேறு திசையில் தேடியிருப்போம். ஐந்தாம் மாத ஸ்கேன் சரியாக இருந்து, எட்டாம் மாதத்தில் மெல்ல இறங்கும் உங்களுக்கு அந்தப் பரிசோதனைகள் தேவைப்படாது.

இப்போது நீங்கள் அதிகம் எதிர்பார்க்கும் கேள்விக்கு வருகிறேன்: என்ன சாப்பிட்டால் தேறும்? நஞ்சுக்கொடியின் கோளாறைச் சரிசெய்யும் மருந்து இன்று உலகில் எங்கும் இல்லை. கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சலும் செலவும் மிச்சம். டெல்டாக்காரரான உங்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். ஆற்றில் தண்ணீர் போகிறது, வாய்க்கால் மதகு சரியாகத் திறக்கவில்லை, வயல் காய்கிறது. ஆற்றில் இன்னும் தண்ணீர் விட்டு என்ன பயன்? கையில் ஏற்றும் அமினோ அமில டிரிப் உங்கள் ரத்தத்தில்தான் சேரும். அதனால் குழந்தையின் எடை கூடும் என்று நம்பத்தகுந்த ஆய்வுகள் எதுவும் நிரூபிக்கவில்லை. நம் ஊரில் அது ஒரு வழக்கமாகிவிட்டது, குடும்பமும் 'ஏதாவது ஏற்றுங்க டாக்டர்' என்று கேட்கிறது, டாக்டர்களும் ஏற்றுகிறார்கள். சாஷேயில் இருக்கும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தின் சங்கதியும் ஏறத்தாழ அப்படித்தான்: பெரிய கெடுதல் இல்லை, உறுதியான பலனும் இல்லை. புரோட்டீன் பவுடரைக் கூடுதலாக அள்ளிப் போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்குப் புரதத்தை மட்டும் மிக அதிகமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சிறிய குழந்தைகள் குறையவில்லை, கூடவே செய்தார்கள்.

இரண்டு மருந்துகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. ரத்த ஓட்டம் கூடட்டும் என்று சில்டெனாஃபில் மாத்திரை கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் அதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறந்தபின் நுரையீரல் ரத்த அழுத்தக் கோளாறு வந்து சிலர் இறந்ததால், 2018-இல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். உங்கள் மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் டாக்டரிடம் அவசியம் பேசுங்கள். தினமும் வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசியும் அப்படியே. ரத்தம் உறையும் கோளாறு பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு அது வேண்டும், குழந்தையின் எடைக்காக வேண்டாம்.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 43 கிலோவில் தொடங்கி 33 வாரத்தில் 7 கிலோதான் ஏறியிருக்கிறீர்கள், அது குறைவு. உங்கள் உடம்புக்கே சத்து போதவில்லை. சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷனில் முடியும் என்று பயந்து அளந்து சாப்பிடும் பெண்களை இன்றைக்கும் பார்க்கிறேன். நீங்களும் அப்படியென்றால் இன்றே விட்டுவிடுங்கள். சோற்றின் அளவைக் கூட்டாமல், கூட இருப்பதைக் கூட்டுங்கள்: தினம் இரண்டு முட்டை, மீன் கிடைத்தால் மீன், கெட்டியான பருப்பு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டலோ வேர்க்கடலையோ, பால் அல்லது தயிர். மூன்று வேளை என்பதை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டிரிப்புக்கு ஆகும் காசில் ஒரு மாதத்துக்கு முட்டையும் மீனும் வாங்கலாம்.

ஹீமோகுளோபின் 9.6 என்பதை இன்றே கவனிக்க வேண்டும். பிரசவத்துக்கு ஒரு மாதம், அதிகம் போனால் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது, மாத்திரை மட்டும் போட்டு ஏற்ற நேரம் போதாமல் போகலாம். இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொள்வது பற்றிக் கேளுங்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். டிரிப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த டிரிப்பாக இருக்கட்டும். மாத்திரையைத் தொடர்ந்தால் டீ, காபி, பாலோடு சேர்க்காதீர்கள். வீட்டுக்குள் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வாசலுக்கு அனுப்புங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அது நேராகக் குழந்தையின் எடையில் கைவைக்கும்.

முழு ஓய்வு வேண்டாம். படுத்தே கிடந்தால் குழந்தை வளரும் என்பதற்கு ஆதாரமில்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். கனமான வேலையை விடுங்கள், வீட்டுக்குள் நடமாடுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். இடதா வலதா என்று கவலைப்பட வேண்டாம்.

ஸ்கேனுக்கும் ஸ்கேனுக்கும் நடுவில் குழந்தையைக் கவனிக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். தினம் ஒரு வேளை, சாப்பிட்டபின் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். எண்ணிக்கையைவிட முக்கியம் வழக்கம்: எப்போதும் ராத்திரி எட்டு மணிக்கு உதைக்கிற பிள்ளை இன்றைக்குச் சும்மா இருக்கிறதே என்று தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். ஆன்லைனில் விற்கும் குட்டி டாப்ளர் கருவியை வாங்கி வீட்டில் துடிப்பைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். சோர்ந்துபோன குழந்தைக்கும் துடிப்பு கேட்கும். கடுமையான தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி, ரத்தப்போக்கு, நீர் கசிவு, பி.பி. 140/90 தொட்டது, இதில் எது வந்தாலும் அதே விதிதான். வண்டி இல்லையென்றால் 108.

இனி, வயிற்றிலேயே விட்டால் தேறாதா என்ற கேள்வி. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யும்வரை வயிறுதான் நல்ல இடம். வேலை குறைந்தபின் அங்கே இருக்கும் ஒவ்வொரு வாரமும் எடையைச் சேர்ப்பதற்குப் பதில் ஆபத்தைச் சேர்க்கும். திடீரென்று துடிப்பு நின்றுபோவது நாங்கள் அதிகம் பயப்படும் விஷயம். அதனால் இந்தப் பிரச்சினைக்கு வைத்தியம் என்பதே, எப்போது வெளியே எடுப்பது என்று நாள் பார்ப்பதுதான். எடை 3-க்கும் 10-க்கும் நடுவில் நின்று, எல்லா டாப்ளரும் நார்மலாக, பி.பி.யும் அடங்கியிருந்தால் 38 அல்லது 39 வாரம் வரை போகலாம். எடை 3-க்குக் கீழே இறங்கினாலோ பி.பி. 140/90-ஐத் தாண்டினாலோ 37 வாரம். தொப்புள்கொடியில் துடிப்புக்கு நடுவே ஓடும் ரத்தம் நின்றுவிட்டால் 33, 34 வாரத்திலேயே எடுக்க வேண்டும். உங்கள் டாக்டர் 37 என்று சொல்வதற்கு ஏறும் பி.பி. காரணமாக இருக்கலாம், அப்படியானால் அது நியாயமான முடிவு. "37-ஆ 38-ஆ, எதை வைத்து முடிவு பண்ணுவீங்க?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். நெதர்லாந்தில் 36 வாரத்துக்கு மேல் குழந்தை சிறிதாகத் தெரிந்த 650 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே வலி வர வைத்தார்கள், மறுபாதியைக் கண்காணித்துக் காத்திருக்க வைத்தார்கள். 2010-இல் வந்த முடிவில் குழந்தைகளின் உடல்நிலையிலும் சிசேரியன் எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சீக்கிரம் வலி வர வைத்தாலே ஆபரேஷன்தான் என்ற பயம் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். டாப்ளர் நார்மலாக இருக்கும்வரை சுகப்பிரசவத்துக்கு முயலலாம். வலி நேரம் முழுவதும் குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசியை 'எதற்கும் இருக்கட்டும்' என்று இப்போதே போட வேண்டாம். 34 வாரத்துக்குள், அடுத்த சில நாளில் பிரசவம் நிச்சயம் என்றால் மட்டும் அது தேவை.

எங்கே பிரசவம் என்பதை இந்த வாரமே முடிவு செய்யுங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடம்தான் வேண்டும். உங்கள் பக்கத்தில் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இன்னும் பெரிய வசதிக்குத் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனை. பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஓடுவதைவிட, வயிற்றில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்வது பாதுகாப்பு.

பிறந்ததும் இத்தகைய குழந்தைக்கு இரண்டு தொல்லைகள் வரும்: உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், ரத்தச் சர்க்கரை இறங்கும். முதல் ஒரு மணி நேரத்திலேயே தாய்ப்பால், உடனே குளிப்பாட்டாமல் இருப்பது, உங்கள் மார்போடு மார்பாக ஒட்டி வைத்துக்கொள்வது, முதல் இரண்டு நாள் சர்க்கரை அளவைப் பார்ப்பது, இவை போதும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், சேனை என்று யாராவது கொண்டுவந்தால் அன்பாக வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். அப்புறம், சின்னதாகப் பிறந்த பிள்ளை என்று பவுடர் பாலைப் புகட்டிக் கொழுக்க வைக்கும் ஆசை எல்லா வீட்டிலும் வரும். புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் இந்தியக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோதான், அவர்கள் 3.5 கிலோ, ஆனால் நம் குழந்தைகளிடம் குறைவாக இருந்தது தசைதான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. அப்படிப் பிறந்தவர்கள் பின்னால் வேகமாக எடை போட்டால் சர்க்கரை நோய்க்கு வழி திறக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, வளர்ச்சிக் கோட்டில் மெதுவாக ஏறட்டும்.

அடுத்த முறை கர்ப்பமானால், நாள் தள்ளிப்போனதுமே டாக்டரிடம் போய் இந்த ஃபைலைக் காட்டுங்கள். நஞ்சுக்கொடிக் கோளாறுதான் என்று இப்போது தெளிவானால், அப்போது 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று முடிவு செய்ய அவருக்கு இது உதவும். இந்த முறை 33 வாரத்தில் அதைத் தொடங்கிப் பயனில்லை, கேட்டு வாங்க வேண்டாம்.